தோற்றம், மறைவு, மறுஒளிபரப்பு

எங்கேயோ பாத்த மொகமா இருக்கேன்னு பெரம்பலூர்லேருந்து நெனச்சுக்கிட்டே வர்றீங்க. கவனிச்சுட்டேன். ஜன்னலைப் பாக்கற மாதிரி என்னைப் பாக்கறீங்க. கேட்டுடுங்க சார், தப்பில்ல. இப்பத்தான் உளுந்தூர்ப்பேட்டை. கிளாம்பாக்கம் போய்ச் சேர இன்னும் மூணு மணி நேரம் கெடக்கு.

பேங்க்ல இல்ல. எல்.ஐ.சி.லயும் இல்ல. உங்க சம்பந்தி வீட்டுக் கல்யாணத்துலயும் இல்ல. உங்க வீட்டம்மா கூட வந்திருந்தா இந்நேரம் சொல்லியிருப்பாங்க. "தீபவாசல்"னு ஒரு சீரியல், ஞாபகம் இருக்கா? இருபது வருஷம் ஆச்சு. சாயங்காலம் ஏழரைக்கு. அதுல ஹேமலேகா ஒரு போட்டோ முன்னாடி நின்னு, "என்னங்க, நான் பேசறது உங்களுக்குக் கேக்குதா?"ன்னு தினமும் அழுவாங்களே? அந்தப் போட்டோ நான்தான்.

ஆமா, உசுரோடதான் இருக்கேன். எல்லாரும் மொதல்ல இதைத்தான் கேக்கறாங்க.

பேரு ஞானசுந்தரம். சொந்த ஊர் துறையூர். அடிப்படையில நான் நாடகக்காரன் சார், அதைக் குறிச்சுக்குங்க. திருச்சியில ஒரு ஃபேக்டரி மனமகிழ் மன்றத்துல பதினோரு வருஷம் மேடை ஏறினவன். ஐநூறு பேர் உக்காந்திருக்கற கொட்டகையில, மைக் இல்லாம, கடைசி வரிசையில தூங்கறவனை எழுப்புவேன். அப்படிப்பட்ட குரல். சீரியல்ல கேட்டிருப்பீங்களே, அது என் குரல் இல்ல. அது யாரோ ஒரு டப்பிங்காரர். அதே ஆள்தான் வில்லனுக்கும் பேசினாரு. நானும் வில்லனும் சண்டை போடற சீன்ல அந்த மனுஷன் தன்னைத்தானே திட்டிக்கிட்டாரு.

என் குரலுக்கு என்ன குறைச்சல்னு டைரக்டர்கிட்ட கேட்டேன். தாமோதரன்னு பேரு. "வீட்டு ஹால்ல காபி குடிக்கற சீனுங்க. நீங்க திருவிழாவுல காணாமப் போன பிள்ளையைத் தேடற மாதிரி பேசறீங்க"ன்னாரு. கலைன்னா என்னன்னு தெரியாத ஆளு. ஆனா நல்ல மனுஷன். இல்ல, நல்ல மனுஷன்னு சொல்ல முடியாது.

எத்தனை எபிசோட்னு கேளுங்களேன். ஆயிரத்துப் பதினாலு. முதல் எபிசோட்லேருந்து கடைசி வரைக்கும் இருந்தது ரெண்டே பேர்தான். ஹேமலேகாவும் நானும். மாமியார் மாறினாங்க. நாத்தனார் மூணு தடவை மாறினா. "இனி இவருக்குப் பதில் இவர்"னு போட்டுட்டு அடுத்த ஆளைக் கொண்டாந்து நிறுத்துவாங்க. என்னை மட்டும் மாத்த முடியல. அறுபத்திரெண்டு எபிசோட் உசுரோட. மிச்சம் தொள்ளாயிரத்து அம்பத்திரெண்டு சுவத்துல.

சிரிக்கறீங்க. சிரிங்க.

உசுரோட இருந்தப்ப மட்டும் என்ன வாழ்ந்துச்சு? எனக்குக் கதையில பேரே கிடையாது. அவ "என்னங்க"ம்பா, எங்கம்மாவா வர்றவங்க "டேய்"ம்பாங்க. வேலை என்னன்னா, ரியாக்‌ஷன். மாமியார் ஒரு வார்த்தை சொல்லுவாங்க. உடனே வீட்டுல இருக்கற எட்டுப் பேரையும் வரிசையா காட்டுவாங்க. ஒவ்வொருத்தர் மூஞ்சிக்கும் ஒரு இடிச் சத்தம். நான் ஆறாவது இடி. பன்னெண்டு மணிக்கு அவங்க டம்ளரைக் கீழ போட்டா, எனக்கு அதிர்ச்சி வர்றதுக்கு மூணு மணி ஆயிடும். நடுவுல சாப்பாடு வேற. சாம்பார் சாதம் சாப்புட்டுட்டு வந்து அதிர்ச்சி அடையணும்.

வசனம் குடுத்தாலும், மனப்பாடம் பண்ணக் கூடாது. கேமராவுக்குப் பின்னாடி உதவி டைரக்டர் படிப்பான். நாம அப்படியே திருப்பிச் சொல்லணும். அந்தப் பையனுக்கு ஒரு நாள் சளி. "அம்மா"ன்னு படிச்சுட்டு ஒரு தும்மல் போட்டான். நானும் "அம்மா"ன்னுட்டுத் தும்மினேன். டேக் ஓகே ஆயிடுச்சு சார்! என் குரல்தான் வரப்போறதில்லையே, உதடு அசைஞ்சாப் போதும்.

அப்பத்தான் எனக்கு ரோஷம் வந்தது. ஒரு நாள் சாப்பாட்டு நேரம், மொத்த யூனிட்டும் வரிசையா உக்காந்திருக்கு. நான் எழுந்து நின்னு சொன்னேன். "சார், இந்தப் புருஷன் ஒரு மனுஷனா? பொண்டாட்டியை இந்தப் பாடு படுத்தறாங்க, இவன் கேக்கவே மாட்டானா? ஒரே ஒரு பக்கம் வசனம் குடுங்க. எங்கம்மாவைப் பாத்து நான் நாலு கேள்வி கேக்கறேன். எங்க நாடகத்துல நான் கேட்டா ஜனங்க எந்திரிச்சுக் கைதட்டுவாங்க"ன்னேன். கொஞ்சம் சத்தமாத்தான் சொல்லியிருப்பேன்போல. பக்கத்து வீட்டுல நடந்த வேற ஷூட்டிங்கை நிறுத்திட்டாங்களாம்.

தாமோதரன் சோத்துலேருந்து நிமிந்தாரு. கோவப்படல சார். சிரிச்சாரு. "ஞானம், அடுத்த வாரத்துலேருந்து கதையே உங்களைச் சுத்தித்தான்"னாரு.

சொன்ன சொல்லைக் காப்பாத்தினாரு. அதை மறுக்க முடியாது.

ரெண்டு நாள் கழிச்சு புரொடக்‌ஷன் மேனேஜர் அருளப்பன் கூப்பிட்டாரு. "சார், உங்க போட்டோ ஒண்ணு வேணும். நெஞ்சு வரைக்கும். நல்லா சிரிச்ச மாதிரி. பெரிய சைஸ்." எனக்கு நெஞ்செல்லாம் பூரிச்சுப் போச்சு. எதுக்குன்னு நெனச்சேன் சொல்லுங்க? வடபழனி சிக்னல்ல பெரிய போர்டு வெக்கப் போறாங்கன்னு நெனச்சேன்! கதை என்னைச் சுத்தின்னுட்டாரே. ஊருக்குப் போன் பண்ணிட்டேன். எங்க சித்தப்பா வேன் வெச்சுக்கிட்டு போர்டைப் பாக்க வர்றேன்னுட்டாரு. நான் ஒரு கோட்டு இரவல் வாங்கி, ஸ்டுடியோவுக்குப் போயி, மூணு சிரிப்பு சிரிச்சேன். பல்லு தெரிஞ்ச சிரிப்பு, தெரியாத சிரிப்பு, நடுவாந்திரம். நடுவாந்திரத்தைப் பெருசு பண்ணி, என் கையால செட்டுல கொண்டுபோய்க் குடுத்தேன். அருளப்பன் வாங்கிப் பாத்துட்டு, "பிரமாதம் சார், கண்ணு எங்க நின்னாலும் நம்மளையே பாக்குது"ன்னாரு.

வெள்ளிக்கிழமை ஷூட்டிங் போறேன். ஹால்ல ஊதுபத்தி வாசனை. ஏதோ பூஜை சீன் போலன்னு உள்ள போனா, சுவத்துல நான். சந்தன மாலை. கீழ குத்துவிளக்கு. போட்டோவுக்கு அடியில தோற்றம், மறைவு. தோற்றம்னு போட்டிருந்தது என் சொந்தப் பொறந்த தேதி சார். சேரும்போது ஃபாரத்துல எழுதிக் குடுத்திருந்தேன், அதைப் பாத்துப் போட்டிருக்காங்க. லைட்மேன் ஒருத்தர் பன்னை டீயில தோச்சுக்கிட்டே, "வாங்க சார், டிபன் ஆச்சா?"ங்கறாரு.

மொதல்ல எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா? ஃப்ரேம் லேசா எடப்பக்கம் சாஞ்சிருக்கேன்னு தோணுச்சு. போய் நேராக்கினேன். அதுக்கப்புறம்தான் ஒரு நாற்காலியில உக்காந்துட்டேன்.

எப்படி செத்தேன்னு கேட்டேன். லாரின்னாங்க. ஒரு லாரியைக் காட்டியிருக்கலாம்ல? காட்டல. போன் மணி அடிச்சது, எட்டுப் பேரும் ரியாக்‌ஷன் குடுத்தாங்க, நான் செத்துட்டேன். எட்டுப் பேர் இல்ல, ஏழு பேர்.

அதுக்கப்புறம் நாலு வருஷம் சார். தினம் கடைசி சீன் என்னோடதுதான். ஹேமலேகா வந்து நிப்பாங்க. அன்னைக்கு நடந்ததெல்லாம் சொல்லுவாங்க. "என்னங்க, கேக்குதா?"ம்பாங்க. விளக்கு ஆடினா நான் சரின்னு அர்த்தம். போட்டோ மேலேருந்து பூ விழுந்தா வேண்டாம்னு அர்த்தம். ஏணியில ஒரு ஆள் உக்காந்து பூப் போடுவாரு. ஜனங்க என்னடான்னா, "அந்த போட்டோவுல இருக்கறவரு கண்ணாலேயே என்னமா நடிக்கறாரு"ன்னு லெட்டர் போட்டாங்க. உண்மையா சொல்றேன், அந்த நடுவாந்திர சிரிப்புல எல்லா உணர்ச்சியும் இருந்தது. அதைத் தற்பெருமைன்னு நெனச்சா நெனச்சுக்குங்க. கேமரா முன்னாடி ஆடாம அசையாம நாலு வருஷம் நிக்கறது எல்லாராலயும் முடியுமா?

வேற கம்பெனியில வாய்ப்புக் கேட்டுப் போனா, "உங்க போட்டோ அங்க ஓடிக்கிட்டிருக்கே, இங்க உசுரோட வந்தா ஜனங்க குழம்பிடுவாங்க"ன்னாங்க. ஒரே ஒரு கம்பெனி கூப்பிட்டது. கதாநாயகியோட அப்பா. போய் நின்னா, "போட்டோ மட்டும் போதும் சார்"னாங்க. குடுத்தேன். வேற என்ன பண்றது? ஒரே சமயத்துல ரெண்டு வீட்டுல செத்துக் கிடந்தேன்.

என்னைப் பெத்த அம்மா டி.வி.யை எடுத்துப் பரண்ல போட்டாங்க. பொண்ணு பாக்கப் போன எடத்துலயெல்லாம், "மாலை போட்டு ஊதுபத்தி ஏத்தின மொகம், வேண்டாம்"னுட்டாங்க. செண்பகவல்லி வீட்டுல கேபிள் இல்ல. அதனாலதான் எனக்குக் கல்யாணமே நடந்தது. இப்ப துறையூர்ல ஒரு கல்யாண மண்டபத்துல மேனேஜரா இருக்கேன். ஒரு தடவை வாசல்ல பன்னீர் தெளிக்கற எடத்துல நின்னேன். பொண்ணோட அத்தை என்னைப் பாத்ததும் சந்தனக் கிண்ணத்தைக் கீழ போட்டுட்டாங்க. "அய்யய்யோ, ஹேமலேகா புருஷன்ல, இவரு செத்துட்டாருல்ல!" அன்னையிலேருந்து முகூர்த்த நேரத்துல வாசப்பக்கம் வரக் கூடாதுன்னு ஓனர் உத்தரவு. எனக்கு சமையக்கட்டுப் பக்கம்தான் வேலை.

பாழாப்போன சீரியல் சார். என் வாழ்க்கையைக் கெடுத்த சீரியல்.

ஆனா ஒண்ணு. என்னடா இவன் மாத்தி மாத்திப் பேசறான்னு நெனைக்காதீங்க. காலையில ஏழு மணிக்கு மேக்கப்மேன் என் தாடையைப் பிடிச்சுத் தூக்கி, ஈரப் பஞ்சால மொகத்தைத் தொடைப்பாரு. லைட் போடுவாங்க. அப்புறம் ஒருத்தன் "சைலன்ஸ்!"னு கத்துவான். ஃபேனை நிறுத்துவாங்க. அம்பது பேர் வாயை மூடுவாங்க. எதுக்கு? நான் பேசறதுக்கு. அந்தப் பேச்சைக் குப்பையில போட்டாங்க, அது வேற விஷயம். ஆனா நான் பேசறதுக்காக அம்பது பேர் வாயை மூடினது என் ஆயுசுலயே அந்த மூணு மாசம்தான். வீட்டுல நான் வாயைத் தொறந்தா மிக்ஸி போடறா சார்.

சரி, இப்ப எதுக்கு மெட்ராஸ் போறேன்? அதைச் சொல்லத்தானே ஆரம்பிச்சேன். தீபவாசலை மத்தியானத்துல மறுஒளிபரப்பு பண்ணப் போறாங்க. அதுக்கு ஒரு பெரிய விழா. பழைய நடிகருங்க எல்லாம் ஒண்ணு சேர்ற நிகழ்ச்சி. எல்லாரும் அந்த முதல் வருஷத்தைப் பத்திப் பேசுவாங்க. கண்ணீர் விடுவாங்க. "நாங்க ஒரு குடும்பமா இருந்தோம்"பாங்க. ஒருத்தன் டிபனை ஒருத்தன் எடுத்துத் தின்னுட்டு மொறைச்சுக்கிட்டிருந்தது எனக்குத் தெரியாதா? இருக்கட்டும்.

போன வாரம் சேனல்லேருந்து நிவேதான்னு ஒரு பொண்ணு போன் பண்ணுச்சு. என்ன மரியாதை! "சார், அந்தப் போட்டோ உங்ககிட்ட இருக்கறதா அருளப்பன் சார் சொன்னாரு. அது வேணுமே"ன்னுச்சு. இருக்கு சார், செட்டைப் பிரிச்சப்ப போய் வாங்கிட்டு வந்தேன். "இருக்கும்மா"ன்னேன். "யாருகிட்டயாவது குடுத்து அனுப்பினாக்கூடப் போதும் சார், நீங்க சிரமப்பட வேணாம்"னுச்சு. பாருங்க, நான் சிரமப்படக் கூடாதாம். "சிரமம் என்னம்மா, நானே நேர்ல வர்றேன்"னேன். "ஓ... சரி சார்"னுச்சு. சந்தோஷத்துல வாயடைச்சுப் போச்சு பாவம்.

செண்பகம் இருக்காளே, கேட்டதும் என்ன சொன்னா தெரியுமா? "அவங்க போட்டோவைத்தான் கூப்பிட்டிருக்காங்க, உங்களை இல்ல"ங்கறா. அவ சத்துணவு அமைப்பாளர் சார், முட்டைக் கணக்கு பாக்கறவளுக்குக் கலை உலகம் எங்க புரியப் போகுது? போட்டோவிலேருந்து சந்தன மாலையைக் கழட்டி, பீரோவுல வெச்சுப் பூட்டினேன். நான் நேர்ல போறப்ப எதுக்கு மாலை? சட்டை தேச்சு வெச்சிருக்கேன். பேச ரெண்டு நிமிஷம் தந்தா என்ன பேசறதுன்னு ஒரு வாரமா எழுதி எழுதிக் கிழிச்சு, கடைசியில மூணே வரியில நிறுத்தினேன். "என் பேரு ஞானசுந்தரம். நீங்க இத்தனை வருஷமா கேட்டது என் குரல் இல்ல. இதுதான் என் குரல்." அவ்வளவுதான் சார். அது போதும் எனக்கு. செத்தாலும் பரவாயில்ல. ஏற்கனவே செத்தவன்தானே.

இருங்க, போன் அடிக்குது. அந்தப் பொண்ணுதான்.

சொல்லும்மா. உளுந்தூர்ப்பேட்டை தாண்டியாச்சு... பத்திரமா இருக்கும்மா, மடியிலதான் வெச்சிருக்கேன்... மாலையா? மாலையைக் கழட்டிட்டேனே. நான்தான் நேர்ல வர்றேனே, எதுக்கு... ஓ... மேடையில நாற்காலி எத்தனைம்மா?... நாலு. சரி. நாலாவது எனக்கா?... போட்டோவுக்கா... இல்ல, புரியுது. புரியுதும்மா. நான் பக்கத்துல நின்னா அழுகை வராதுன்னு ஹேமலேகா சொன்னாங்களா? நியாயந்தானே... போட்டோ வெக்கற ஸ்டாண்டு வரலையா? அப்ப யாரு பிடிச்சுக்குவா?... ஆளைத் தேடாதம்மா. நான் பிடிச்சுக்கறேன். நாற்காலிக்குப் பின்னாடி குனிஞ்சு உக்காந்துக்கறேன்... வெளிய தெரியாது, தெரியாது. நான் ஒல்லிதான். வெச்சுடறேன்மா.

...

நாற்காலி குடுத்திருக்காங்க சார். நாலுல ஒண்ணு. மாமியாரா நடிச்ச ரெண்டு பேர்ல ஒருத்தருக்குத்தான் எடமாம். எனக்கு முழு நாற்காலி. அதுல போட்டோ இருக்கும். ஹேமலேகா வந்து பழையபடி அதுகிட்ட பேசி அழப் போறாங்க. அதுதான் நிகழ்ச்சியிலயே உச்சமான கட்டமாம். நான் பக்கத்துல உசுரோட நின்னா நல்லாவா இருக்கும்? நீங்களே சொல்லுங்க.

கொஞ்சம் இந்தப் பையைப் பிடிங்க. போட்டோ கண்ணாடி உடைஞ்சுடக் கூடாதுன்னு செண்பகம் வேட்டியில சுத்திக் குடுத்தா. ஒரு தடவை பாத்துடறேன், கண்ணாடி... இது என்னது?

சந்தன மாலை. பீரோவுல வெச்சுப் பூட்டினேன் சார். சத்தியமா நான் எடுத்து வைக்கல.

அவதான் வெச்சிருக்கா. கௌம்பறப்ப, வாசல் வரைக்கும் வந்து, "மத்தியானம் சாப்புட்டுருங்க"ன்னு மட்டும் சொன்னா.

சரி, நல்லதாப் போச்சு. அங்க பிளாஸ்டிக் மாலை எதையாவது வாங்கி மாட்டுவாங்க, லைட்டுல பளபளன்னு அடிக்கும். எனக்குத் தெரியும்ல.

சார், இன்னொண்ணு சொல்றேன், யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. இப்பத்தான் எனக்குத் தோணுச்சு. ஹேமலேகா வழக்கம்போல, "என்னங்க, நான் பேசறது உங்களுக்குக் கேக்குதா?"ன்னு கேப்பாங்கல்ல? கேட்டுட்டு நிறுத்துவாங்க. அந்த எடத்துல மியூசிக்கூட கிடையாது. நாலு வருஷம் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வாய் இல்லாம சுவத்துல தொங்கினேன். இன்னைக்கு நான் சரியா அந்தப் போட்டோவுக்குப் பின்னாடி உக்காந்திருப்பேன். மைக் எனக்கு எதுக்கு? நான் நாடகக்காரன்.

நேரடி ஒளிபரப்பான்னு கேக்கறீங்களா? ...இல்ல சார், பதிவுதான். வெட்டிடுவாங்க, தெரியும். வெட்டாட்டி அந்த டப்பிங்காரரைக் கூப்பிட்டுப் பேச வெப்பாங்க. நான் என்ன குழந்தையா? ஆனா அந்த ஹால்ல முன்னூறு பேர் இருப்பாங்கல்ல, அவங்க காதை எப்படி வெட்டுவாங்க?

ஒரே வார்த்தைதான். இப்படி அடிவயித்துலேருந்து எடுக்கணும். பாருங்க.

"கேக்குதும்மா!"

பாத்தீங்களா சார். டிரைவர் பாட்டை நிறுத்திட்டாரு. பின்னாடி அழுத குழந்தைகூட வாயை மூடிடுச்சு. மொத்த பஸ்ஸும் என்னையே பாக்குது. யாரும் "சைலன்ஸ்"னு கத்தக்கூட இல்ல.